விழுந்த பேண்டு சா மிஷினை வாங்கலாமா?

போன ஆடியில் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். கதவு, ஜன்னல் வேலை செய்கிற ஆசாரி, முப்பது வயது இருக்கும். கே.வி.குப்பம் பக்கத்தில் ஒருவர் பட்டறையைக் காலி செய்கிறாராம். 24 இன்ச் பேண்டு சா, அதாவது மேலும் கீழும் உள்ள இரண்டு வீலில் பட்டை போன்ற பிளேடு சுற்றி ஓடி மரம் அறுக்கிற மிஷின். 24 இன்ச் என்பது வீலின் விட்டம். இடம் மாற்றும்போது குட்டி யானை வண்டியிலிருந்து சாய்ந்து விழுந்திருக்கிறது. டேபிள் உடைந்துவிட்டது.

"28,000 சொல்றாங்க அண்ணா. வாங்கலாமா, வேணாமா?"

போனில் இதற்குப் பதில் கிடையாது. நேரில் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை காட்பாடியில் என்னை ஏற்றிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அன்று அங்கே இரண்டரை மணி நேரம் நாங்கள் பார்த்ததை, பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு ஆசாரிகளுக்கும் உதவும்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 19 வருஷம் மெயின்டனன்ஸ் வேலை. தோலை மேல், கீழ் என்று இரண்டாகப் பிளக்கிற ஸ்ப்ளிட்டிங் மிஷினில் ஓடுவதும் பேண்டு சாவின் உறவுக்கார பிளேடுதான். முடிவில்லாத ஒரு இரும்புப் பட்டை, இரண்டு வீல், இழுத்துப் பிடிக்க ஒரு திருகு. அதனால் மர மிஷினுக்கு வந்தபோது எனக்கு எதுவும் புதிதாக இல்லை. 2012-லிருந்து காட்பாடியில் சின்னதாகப் பட்டறை வைத்து, மரவேலை மிஷின்கள் ரிப்பேர் செய்கிறேன்.

முதல் கேள்வி: எப்படிக் கெட்டது?

விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். கெட்டுப்போன மிஷின் பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். விழுந்தது, நனைந்தது, எரிந்தது.

எரிந்த மிஷினைத் தொடாதீர்கள். தீயில் வெந்த வீல் கோணியிருக்கும், ஸ்பிரிங் பதம் இழந்திருக்கும், பேரிங்கும் அப்படியே. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரும்பு விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

நனைந்தது பயப்படும் அளவுக்கு மோசமில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரத்துப் பட்டறை ஒன்றில் தண்ணீர் புகுந்து, ஒரு பேண்டு சா இரண்டு நாள் முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. மோட்டார் காயில், எல்லா பேரிங், கீழ் வீல் விளிம்பில் இருக்கும் ரப்பர் டயர், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை மாற்றினோம். துருவைத் தேய்த்து எடுத்தோம். இன்றைக்கும் ஓடுகிறது. இரண்டு நாள் தண்ணீர் வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது. நனைந்த மிஷினில் செலவை முன்கூட்டியே எண்ணிவிடலாம், அதுதான் அதில் இருக்கும் நிம்மதி.

விழுந்தது வேறு. அதில் உடைந்த இடம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். அடி வாங்கிய இடம் இன்னொன்று தெரியாமல் இருக்கும். விற்கிறவர் காட்டுவது உடைந்த இடத்தை. நீங்கள் தேட வேண்டியது அந்த இன்னொன்றை.

வார்ப்பா, தகடா?

பாடி எதனால் ஆனது என்று பாருங்கள். பழைய கனமான மிஷின்களில் சி எழுத்துப் போல வளைந்த பாடி முழுவதும் வார்ப்பிரும்பு, பட்டறையில் காஸ்டிங் என்போம். பிறகு வந்தவற்றில் நிறைய இரும்புத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்தவை. இந்த ஒரு வித்தியாசம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காஸ்டிங் பாடி வளையாது, உடையும். தகட்டு பாடி உடையாது, வளையும்.

ஆகவே காஸ்டிங் மிஷின் விழுந்திருந்தால் விரிசலைத் தேடுங்கள். விரிசல் இல்லையென்றால் பாடி நேராகத்தான் இருக்கும், கவலை விட்டது. தகட்டு மிஷின் விழுந்திருந்தால் விரிசலைத் தேடிப் பயனில்லை, முறுக்கலைத் தேடுங்கள்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 2013-ல் ஒரு தகட்டு பாடி மிஷினை வாங்கினேன். விழுந்த மிஷின்தான். எங்கேயும் உடைப்பு இல்லை, மேல் கவர் மட்டும் நசுங்கியிருந்தது. மலிவு என்று எடுத்தேன். பிளேடு போட்டால் பத்து நிமிஷம் நிற்கும், பிறகு முன்பக்கமாக நழுவும். டயர் மாற்றினேன், பேரிங் மாற்றினேன், பிளேடு விலகாமல் பிடிக்கிற கைடு மாற்றினேன். ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் மேல் வீலும் கீழ் வீலும் ஒரே தளத்தில் இல்லை என்று தெரிந்தது. பாடியே முறுக்கிக்கொண்டிருந்தது. அதைக் காயலான் கடைக்குப் போட்ட அன்று வீட்டில் யாரிடமும் பேசவில்லை. அந்த நூலை வாங்குவதற்கு முன்னால் பிடித்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

பையில் எடுத்துப் போக வேண்டியவை

டார்ச், காந்தம், சாக்பீஸ், ஒரு சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய் (கிடைக்காவிட்டால் டீசல்), பழைய துணி, கம்பி பிரஷ், நைலான் நூல், ஒரு பழைய அரம், மரச் சுத்தி, ஸ்பேனர் செட். இவ்வளவு போதும்.

காந்தம் எதற்கு என்றால், பட்டி பூசி பெயின்ட் அடித்த இடத்தைக் கண்டுபிடிக்க. காந்தத்தை பாடி மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி தளரும். விழுந்த மிஷினில் ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.

மண்ணெண்ணெயும் சாக்பீஸும் விரிசலுக்கு. அன்று கே.வி.குப்பத்தில் செய்ததைச் சொல்கிறேன். காஸ்டிங் பாடி மிஷின், சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. டேபிளைத் தாங்கும் அரைவட்ட வார்ப்பு இரண்டாக உடைந்து தனியாகக் கிடந்தது. தம்பி அதையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாடியின் கழுத்துக்குப் போனேன். சி வளைவின் உள்பக்கம், அறுக்கும்போது மரம் போய் நிற்கிற அந்த இடம். கம்பி பிரஷால் ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தேன், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான். மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டோம். அப்புறம் காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து, அதன் மேல் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து வெள்ளையாக்கினேன். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் திரும்ப வெளியே கசியும். வெள்ளைச் சாக்குப் பொடியில் தலைமுடி அளவுக்கு ஒரு ஈரக்கோடு மெல்ல எழும்பி வரும்.

கழுத்தில் கோடு வரவில்லை. பத்து நிமிஷம் காத்திருந்தோம், வரவில்லை. அடுத்து மோட்டார் உட்காரும் கால் பக்கம் அதே மாதிரி செய்தோம். அங்கே வந்தது. ஒரு போல்ட் துளையிலிருந்து விளிம்பை நோக்கி, இரண்டு இன்ச் நீளத்துக்கு. தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. "போச்சா அண்ணா?" என்றார். போகவில்லை. விரிசல் இருக்கிறதா என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கழுத்தில் விரிசல் இருந்தால் விட்டுவிட வேண்டியதுதான். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு இன்ச் அகலம், 0.6 மி.மீ. கனம் உள்ள பிளேடின் குறுக்குப் பரப்பு சுமார் 15 சதுர மி.மீ. அதைச் சரியாக இழுத்துக் கட்டினால் சதுர மி.மீ.க்கு 10 கிலோ அளவில் இழுவை இருக்கும். ஒரு பக்கம் 150 கிலோ, பிளேடு இரண்டு பக்கமும் இருப்பதால் மேல் வீலைக் கீழே இழுப்பது 300 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஆறை மேல் வீலில் கட்டித் தொங்கவிட்டது போல. அந்த எடையைச் சுமப்பது கழுத்து. எந்த வெல்டிங்கையும் நம்பி அங்கே நான் ஒருவரை நிற்கவைக்க மாட்டேன். மோட்டார் காலில் விரிசல் என்றால் அப்படியில்லை. விரிசல் முடியும் இடத்தில் 4 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, அடியில் தகடு வைத்து போல்ட் போட்டுவிடலாம்.

வீல்: இங்கே இரக்கம் வேண்டாம்

24 இன்ச் வீலின் சுற்றளவு 1.9 மீட்டர். நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடினால் விளிம்பு ஒரு நிமிஷத்தில் 1,150 மீட்டர் போகிறது. மணிக்கு கிட்டத்தட்ட 69 கிலோமீட்டர், பெங்களூர் ஹைவேயில் பஸ் போகிற வேகம். அந்த வேகத்தில் வீல் உடைந்தால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வீலில் விரிசல் என்றால் வெல்டிங் என்ற பேச்சே கூடாது. பொருந்துகிற வேறு வீல் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மிஷினையே விட்டுவிடுங்கள்.

வீலைச் சோதிக்க மண்பானை வாங்குகிற அறிவு போதும். பானையைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம். பிளேடைக் கழற்றிவிட்டு, நடுக் குடத்தையும் விளிம்பையும் இணைக்கிற ஒவ்வொரு ஆரத்துக்குப் பக்கத்திலும் மரச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று ஒலித்துச் சத்தம் இழுத்து நிற்கும். விரிசல் விட்டது சொத்தென்று அடங்கும். ஒரு எச்சரிக்கை: விளிம்பில் ரப்பர் டயர் இருக்கும்போது எந்த வீலுமே கொஞ்சம் மங்கலாகத்தான் ஒலிக்கும். அதனால் ஒரு சத்தத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஆறு ஆரம் இருந்தால் ஆறையும் தட்டி, ஒன்று மட்டும் வேறு மாதிரி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் வந்த இடத்தில் மண்ணெண்ணெய், சாக்பீஸ். ஆரம் குடத்தோடு சேருகிற மூலையில்தான் விரிசல் முதலில் வரும்.

அடுத்து ஆட்டம். பாடியில் ஒரு மரத்துண்டைப் பிடித்து, அதில் அடித்த ஆணியின் முனையை வீல் விளிம்பை ஒட்டி வைத்துக்கொண்டு வீலைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ஆட்டம் இருக்கிறது. கீழ் வீல் அதன் அச்சான ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும், அங்கே ஷாஃப்ட் வளைந்திருந்தாலும் ஆடும். மேல் வீலில் பல மிஷின்களில் ஷாஃப்ட் சுற்றாது, வீல் மட்டும் பேரிங் மேல் சுற்றும். அந்த மாதிரியில் ஷாஃப்ட் வளைந்திருந்தால் வீல் ஆடாது, ஒரேயடியாகச் சாய்ந்தே நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல், "வீல் ஆடலை, ஷாஃப்ட் நல்லா இருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஷாஃப்ட்டை லேத்துப் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம், அது பெரிய செலவில்லை. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

கடைசியாக நூல். மேல் வீலிலிருந்து கீழ் வீல் வரைக்கும் நைலான் நூலை விறைப்பாகப் பிடியுங்கள். மேல் வீல் விளிம்பில் இரண்டு இடம், கீழ் வீல் விளிம்பில் இரண்டு இடம், நான்கிலும் நூல் தொட வேண்டும். பிளேடைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டுப் பாருங்கள். இழுவை இல்லாமல் பார்த்தால் சரியாகத் தெரிவது, இழுவை கொடுத்தவுடன் மாறலாம். மேல் வீலைச் சாய்க்கிற திருகைக் கொண்டே நான்கு இடமும் தொட்டுவிட்டால் நல்லது. மேல் வீல் முன்னே பின்னே ஒரு சில மி.மீ. தள்ளியிருந்தால் வாஷர் போட்டுச் சரிசெய்யலாம். ஒரு வீல் இடது வலதாக முறுக்கி நின்றால், அது தகட்டு பாடியாகவும் இருந்தால், கைகுலுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கே.வி.குப்பத்து மிஷினில் இரண்டு வீலும் கணீரென்றன. நூல் நான்கு இடத்திலும் தொட்டது. எனக்கு அங்கேயே பாதி மனசு வந்துவிட்டது.

பழைய வெல்டிங்கும் பழைய பிளேடும்

மிஷினில் முன்பே யாராவது வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வைத்திருந்தால் தையலுக்குப் பக்கத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. அரம் பிடித்து இரும்பைச் சீவினால் பரவாயில்லை. கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால், சாதாரண இரும்பு வெல்டிங்குக்கான எம்.எஸ். ராடால் சூடேற்றாமல் வைத்த வெல்டிங். அந்த ஓரம் கடினமாகி நொறுங்கும் பதத்தில் இருக்கும். இன்றில்லாவிட்டால் நாளை அந்த ஓரத்திலேயே மறுபடி பிளக்கும். வார்ப்புக்கு நிக்கல் ராடு, அல்லது பித்தளை வைக்கிற பிரேசிங்.

பட்டறையின் பின்பக்கம் போய் உடைந்த பிளேடுகள் கிடக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் அந்தத் துண்டுகள் பொய் சொல்லாது. ஒட்டிய இடத்தில் உடைந்திருந்தால் ஒட்டியவர் சரியில்லை, மிஷின் மேல் குற்றமில்லை. பல்லின் அடியிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் பிளேடு கனம் அதிகம், அல்லது மரத்தை மிரட்டித் தள்ளியிருக்கிறார்கள். பிளேடின் முதுகிலிருந்து விரிசல் வந்திருந்தால் பின் கைடில் பிளேடு ஓயாமல் உரசியிருக்கிறது, அதாவது வீல் வரிசை சரியில்லாமலே பல நாள் ஓட்டியிருக்கிறார்கள். கனத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: வீல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 24 இன்ச் என்பது 610 மி.மீ., அதற்கு 0.6 மி.மீ. பிளேடு. அங்கே கிடந்தவை 0.9. பல்லடியில்தான் விரிசல். சரி, குற்றம் பிளேடில், மிஷினில் இல்லை.

மற்றவை சுருக்கமாக

பேரிங் கெட்டிருந்தால் கெட்டுப்போகட்டும். நம்பர் படித்தால் போதும், கடையில் கிடைக்கும். 6206 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள், ஷாஃப்ட் விட்டம் 30 மி.மீ. மரத்தூள் பறக்கிற இடம், அதனால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

டயரில் நகத்தை அழுத்துங்கள். பதிந்து திரும்ப எழும்பினால் இன்னும் உயிர் இருக்கிறது. கல் போல இருந்தால் மாற்ற வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுகிறவர்களை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். வேண்டாம். கனம் ஒரே சீராக வராது, பிளேடு நடனமாடும்.

மோட்டாரில் கவரைத் திறந்து மோந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் காயில் கட்டும் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வராவிட்டாலும் எலக்ட்ரீஷியனை வைத்து மெக்கர் மீட்டரில் பாடி எர்த் (காயிலிலிருந்து பாடிக்குக் கரன்ட் கசிகிறதா என்று) பார்த்துவிட்டுத்தான் கரன்ட் கொடுக்க வேண்டும். த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்பதும் இப்போதே கேட்க வேண்டிய கேள்வி. நேம் பிளேட்டில் 415 வோல்ட் டெல்டா என்று இருந்தால், வீட்டு சிங்கிள் ஃபேஸில் வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் பெட்டி) வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், முழு பலம் வராது.

இன்னொன்று. பேண்டு சா வைத்து மரம் அறுப்பதற்கு வனத்துறை உரிமம் சம்பந்தப்பட்ட விதிகள் இருக்கின்றன. உங்கள் வேலை வகைக்கு என்ன தேவை என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். வாங்கிய பிறகு கேட்பது தவறான வரிசை.

கணக்கு

நானும் தம்பியும் அங்கேயே ஒரு பிளைவுட் துண்டில் எழுதினோம். உடைந்த அரைவட்டத்துக்கு பிரேசிங் 2,500. லேத்து வேலை 2,000. பேரிங் இரண்டு 900. டயர் இரண்டும் 3,200. மோட்டார் காயில் 4,500. ஸ்டார்ட்டர் 2,200. புது பிளேடு இரண்டு 2,400. ஏற்றி இறக்க 3,000. கூட்டினால் 20,700.

இதோடு பாதியைச் சேர்க்க வேண்டும். நான் எத்தனையோ மிஷின் பார்த்திருக்கிறேன், பிரித்த பிறகு புதிதாக ஒன்று வராமல் இருந்ததே இல்லை. 20,700-க்குப் பாதி 10,350. மொத்தம் 31,050.

இப்போது ஒப்பிட வேண்டியது புது மிஷின் விலையோடு இல்லை. ஓடுகிற நிலையில் இருக்கும் இதே அளவு பழைய மிஷின் என்ன விலை? அப்போது எங்கள் பக்கம் 70,000 சொன்னார்கள். ஓடுகிற மிஷினை வாங்கினால் மறுநாளே வேலை நடக்கும். உடைந்ததை வாங்கினால் இரண்டு மாதம் அலைச்சல். அந்த அலைச்சலுக்குக் கால் பங்காவது மிச்சமாக வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு? 70,000-ல் முக்கால் 52,500. அதில் 31,050 போனால் 21,450. அதுதான் எங்கள் விலை. அவர் சொன்ன 28,000-ஐ நாங்கள் பார்க்கவே இல்லை.

கீழ்க்கணக்கு ஒன்றும் போட்டோம். எல்லாம் தோற்று எடைக்குப் போட்டால்? மிஷின் சுமார் 420 கிலோ, அன்றைக்குக் காயலான் கடையில் வார்ப்பு கிலோ 35 ரூபாய். 14,700 திரும்பி வரும். ஆக மோசமான நிலையில் நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டுதான் பேச உட்கார்ந்தோம். ஆடி மாதம், கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, ஆசாரிகள் கையில் வேலை குறைவு. வாங்குகிறவர்களும் குறைவு. சாக்பீஸ் கோட்டை உரிமையாளருக்கும் காட்டினோம், மறைத்து எதுவும் பேசவில்லை. 22,500-க்கு முடிந்தது. ஆயிரம் அதிகம் கொடுத்தது எனக்குச் சம்மதமே, வீல் இரண்டும் அவ்வளவு நன்றாக இருந்தன.

ஏற்றும்போது

இந்த மிஷின் ஏன் விழுந்தது தெரியுமா? டேபிளில் கயிறு கட்டி ஏற்றியிருக்கிறார்கள். பேண்டு சாவுக்குத் தலை கனம். மேல் வீலும் பாடியின் மேல் பகுதியும் உயரத்தில் நிற்கின்றன, கீழே ஊன்றும் இடம் சின்னது. டேபிள், மோட்டார் இரண்டையும் முதலில் கழற்றிவிடுங்கள். தூக்குகிற பெல்ட்டைக் கழுத்தில் போடுங்கள், மேல் வீலிலோ அதன் திருகிலோ வேண்டாம். வண்டியில் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, அடியில் கட்டை கொடுத்து, பின்னால் ஒரு ஆள் பைக்கில் பார்த்துக்கொண்டே வரட்டும். குடியாத்தம் வரைக்கும் நான்தான் அந்த ஆள்.

உடைந்ததை ஒட்டியது

அரைவட்ட வார்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று பல் போலப் பொருந்தின, துண்டு எதுவும் காணாமல் போகவில்லை. அது நல்ல உடைப்பு. வேலூரில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான வெல்டரிடம் எடுத்துப்போனோம். அவர் உடனே வெல்டிங் வைக்கவில்லை. இரண்டு துண்டையும் கரி அடுப்பில் வைத்துச் சூடேற்றினார். கொஞ்ச நேரத்தில் உடைந்த முகத்தில் கறுப்பாக வேர்த்தது. பல வருஷமாக வார்ப்பு குடித்த எண்ணெய் அது. துடைத்தார், மறுபடி சூடேற்றினார், மறுபடி வேர்த்தது. நான்காவது தடவைதான் முகம் உலர்ந்தது. அந்த எண்ணெய் உள்ளே இருக்கும்போது பித்தளை வைத்தால் அது ஒட்டாது, மேலே உருண்டு நிற்கும்.

பிறகு இரண்டு ஓரத்தையும் சரிவாக அரைத்து, பொருத்தி, கவ்வி, மொத்தத் துண்டையும் மங்கிய சிவப்பு வரும் வரை சூடேற்றிப் பித்தளையை ஓடவிட்டார். முடிந்தவுடன் காற்றில் வைக்கவில்லை. தகர டின்னில் சாம்பல் நிரப்பி அதற்குள் புதைத்தார். மறுநாள் காலையில் எடுத்தபோதும் வெதுவெதுப்பாக இருந்தது. அவசரப்பட்டு ஆறவைத்தால் தையலுக்குப் பக்கத்தில் புது விரிசல் விழும்.

உங்கள் மிஷினில் அந்தத் துண்டு நொறுங்கிப் போயிருந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: டேபிளைச் சாய்த்து வருஷத்துக்கு எத்தனை தடவை அறுக்கிறீர்கள்? இல்லவே இல்லை என்றால் கனத்த இரும்புக் கட்டையை மட்டமாகக் கடைந்து போட்டு டேபிளை நிரந்தரமாக நேராக உட்காரவைத்துவிடலாம். கதவு நிலை அறுக்கிற பட்டறைக்கு அது போதும்.

பாதிச் செலவைக் கூடுதலாக எழுதச் சொன்னேன் அல்லவா, அதுவும் வந்தது. மேல் வீலை ஏற்றி இறக்கும் திருகு உள்ளே வளைந்திருந்தது. பிரித்த பிறகுதான் தெரிந்தது. புதிதாகக் கடைந்து போட 1,800.

முதல் ஓட்டம்

பிளேடு நீளத்துக்கு: இரண்டு வீல் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, வீல் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கியதைக் கூட்டுங்கள். மேல் வீல் ஏறி இறங்கும் தூரத்தின் நடுவில் இருக்கும்போது அளந்தால் பின்னால் இழுக்கவும் தளர்த்தவும் இடமிருக்கும்.

முதலில் பிளேடு இல்லாமல் அரை மணி நேரம் கீழ் வீலை மட்டும் ஓட்டினோம். நிறுத்திப் பேரிங் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை பொறுக்காத சூடு ஆகாது. பிறகு பிளேடு போட்டு, கையால் பத்துச் சுற்று, அப்புறம்தான் சுவிட்ச். போடுகிறவர் வீலுக்கு நேராக நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கவர் இரண்டும் மூடியிருக்க வேண்டும். நசுங்கிய கவரை நிமிர்த்துகிற வரைக்கும் ஓட்டவே விடவில்லை நான்.

முதலில் அறுத்தது ஒரு வேப்பங்கட்டை. கோடு போட்டுத் தள்ளினார் தம்பி. கோட்டை விட்டு நகரவில்லை.

முதல் மாதம் வாரம் ஒரு தடவை எல்லா போல்ட்டையும் இறுக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்ததும் பிளேடு இழுவையைத் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் டயரில் பள்ளம் விழும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மோட்டார் காலில் நாங்கள் துளை போட்டு நிறுத்திய இடத்திலும் பித்தளைத் தையலின் இரண்டு ஓரத்திலும் மண்ணெண்ணெய், சாக்பீஸ். துளையைத் தாண்டிக் கோடு தெரிந்தால் அன்றைக்கே மிஷினை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும். தை மாதம் நானே போய்ப் பார்த்தேன், சாக்குப் பொடி வெள்ளையாகவே இருந்தது.